மாலத்தீவு ரிசார்ட்டுக்குக் குழந்தைகளோடு: அறையைக் கடைசியாகப் பாருங்கள்

மாலத்தீவு போகலாம் என்று வீட்டில் முடிவானதும் எல்லாரும் முதலில் பார்ப்பது அறைப் படங்களைத்தான். தண்ணீருக்கு மேல் வில்லா, கண்ணாடித் தரை, கடலுக்கு மேலே கட்டிய வலைத் தொட்டில். ‘ஒரு இரவுக்கு இத்தனை டாலர்’ என்று கட்டுப்படியாகிற மாதிரி ஒரு விலையும் போட்டிருக்கும். அந்த விலைக்கு அங்கே யாரும் தங்கிவிட்டு வருவதில்லை. படகுக் கூலி, வரிகள், பிள்ளைகளின் மதியச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த பிறகுதான் உண்மையான தொகை தெரியும். சில சமயம் அது பார்த்த விலையைப் போல இரண்டரை மடங்கு.

எங்களுக்கு இதெல்லாம் ஒரே இடத்தில் எழுதிக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் ரிசார்ட்டுக்கு மெயில் போட்டும் ஏஜென்டிடம் சண்டை போட்டும்தான் தெரிந்துகொண்டோம். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்தை மனதில் வைத்து, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். தேனிலவுக்காரர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஊரே இருக்கிறது.

1. பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேசையில் வையுங்கள்

இந்தியர்களுக்கு மாலத்தீவு போக முன்கூட்டியே விசா வேண்டாம். இறங்கியதும் முத்திரை குத்துவார்கள், கட்டணம் கிடையாது. ‘விசா கட்டணம்’ என்று எந்த ஏஜென்டாவது பில்லில் போட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

சிக்கல் பாஸ்போர்ட்டில்தான் வரும், அதுவும் பிள்ளைகளுடையதில். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குச் செல்லும். சிறு பிள்ளைகளுக்கு ஐந்து வருடம்தான். நம்முடையது 2031 வரை இருக்கிறது என்ற தைரியத்தில் டிக்கெட் போட்டுவிடுவோம், பிள்ளையுடையது போன மாதமே முடிந்திருக்கும். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கட்டும். விமான நிறுவனத்துக் கவுன்டரில் அதைத்தான் பார்ப்பார்கள்.

பிள்ளைகளுக்குப் புதிதாக எடுக்க வேண்டுமென்றால் சாதாரண விண்ணப்பத்துக்கு 1,000 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பாஸ்போர்ட், இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்ஷர் டி’ உறுதிமொழி ஆகியவை வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். பெற்றோர் இருவரிடமும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் பெரும்பாலும் போலீஸ் விசாரணை இல்லாமலே வந்துவிடும். இருந்தாலும் சேவை மையத்தில் நாள் கிடைக்க வேண்டுமே. கோடை விடுமுறைக்கு முன்னால் எல்லாரும் வந்து நிற்பார்கள். இரண்டு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம்மவர்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அதில் இருக்கும். ஆதாரில் ஒரு விதம், டிக்கெட்டில் ஒரு விதம், ரிசார்ட் வவுச்சரில் இன்னொரு விதம் என்றால் ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு டிக்கெட்டில் எப்படிப் போட வேண்டும் என்பது ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு விதம். காசு கட்டும் முன் அவர்களிடமே கேட்டு, மற்ற எல்லாக் காகிதத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனால், மற்றவரின் சம்மதக் கடிதம் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

2. மாதம்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், விலையும் உச்சியில் இருக்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழை நாள் முழுக்கக் கொட்டும் என்றில்லை, வந்து வந்து போகும். ஆனால் காற்று பலமாக இருந்தால் படகு ஆட்டும், கடலடியும் கலங்கலாகத் தெரியும். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வருவதால் விலை இறங்கத் தொடங்கும் நேரத்தில் போகலாம். அது ஒரு வசதி.

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை போகாதீர்கள். அறை வாடகை ஏறுவதோடு, ‘காலா டின்னர்’ என்று ஒரு விருந்தைக் கட்டாயமாகத் தலையில் கட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆளுக்குத் தனிக் கட்டணம், பிள்ளைகளுக்கும் உண்டு.

3. தீவைப் படகை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். விமான நிலையம் தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. ரிசார்ட் ஒவ்வொன்றும் தனித் தீவு. அங்கே போய்ச் சேர மூன்று வழிகள்.

முதலாவது ஸ்பீடு போட். மாலேயைச் சுற்றியுள்ள தீவுகளுக்கு இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். இரவில் இறங்கினாலும் பெரும்பாலான ரிசார்ட்டுகள் படகு அனுப்பும், சிலவற்றில் இரவுக்குக் கூடுதல் கட்டணம். போக வரப் பெரியவருக்கு 100 முதல் 250 டாலர் வரை ஆகலாம்.

இரண்டாவது சீபிளேன், அதாவது தண்ணீரிலேயே ஏறி இறங்கும் சின்ன விமானம். தொலைவான பவளத்தீவுக் கூட்டங்களுக்கு. பெரியவருக்கு இருவழிக்கும் 400 முதல் 600 டாலர் என்பது சாதாரணம். பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு அதில் கிட்டத்தட்டப் பாதி, இரண்டு வயதுக்குள் இலவசம். மேலிருந்து தெரியும் காட்சிக்கு இணையே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீபிளேன் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலேயில் பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு இறங்கும் விமானத்தில் வந்தால் அன்றைக்கு அது கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் ஒரு இரவு அறை எடுக்க வேண்டும். அதே நேரத்தில், கட்டிவைத்த ரிசார்ட் அறையின் ஓர் இரவு காலியாகப் போகும். திரும்பும்போதும் இதே கதை: காலை எட்டு, ஒன்பது மணிக்கு மாலேயிலிருந்து விமானம் என்றால் முந்தின நாளே தீவை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

மூன்றாவது, உள்நாட்டு விமானமும் படகும். தாரவந்தூ, மாமிகிலி, கூட்டூ, கான் போன்ற விமான நிலையங்களுக்குப் போய், அங்கிருந்து ஸ்பீடு போட். இரவிலும் ஓடும், சீபிளேனைவிடக் கொஞ்சம் மலிவு. கைக்குழந்தையோடு என்றால் ஏறி இறங்குவதே ஒரு வேலையாகிவிடும்.

மூன்று, நான்கு இரவு மட்டும் தங்குகிற குடும்பத்துக்கு ஸ்பீடு போட் தீவுதான் சரி என்பது என் கருத்து. சீபிளேனுக்குக் கொடுக்கும் காசில் இன்னும் இரண்டு இரவு தங்கலாம்.

ஆக வரிசை இது: உங்களுக்குக் கிடைக்கும் விமானம் மாலேயில் எத்தனை மணிக்கு இறங்குகிறது, திரும்ப எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று முதலில் பாருங்கள். சென்னையிலிருந்து நேரடியாகப் பறந்தால் இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். கொச்சி, பெங்களூரு, கொழும்பு வழியாகவும் போகலாம். அந்த நேரத்துக்கு எந்தப் போக்குவரத்து ஒத்துவருமோ அந்தத் தீவுகளில் மட்டும் அறை தேடுங்கள்.

நேரத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. மாலே நேரம் நம்மைவிட அரை மணி பின்தங்கியது. பல ரிசார்ட்டுகள் சூரிய வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள, மாலேயைவிட ஒரு மணி முன்னதாகத் தங்கள் கடிகாரத்தை வைத்திருக்கும். செக்-அவுட் தீவு நேரப்படி, விமானம் மாலே நேரப்படி. படகு எந்த நேரப்படி என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

4. பிள்ளைகளின் வயதைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்

சில ரிசார்ட்டுகள் பெரியவர்களுக்கு மட்டுமானவை, பிள்ளைகளைச் சேர்ப்பதே இல்லை. சேர்க்கும் இடங்களிலும், தண்ணீருக்கு மேலுள்ள வில்லாவில் பன்னிரண்டு வயதுக்குள் உள்ளவர்களை விடாமலிருக்கலாம், அல்லது ‘ஏதாவது நடந்தால் நாங்கள் பொறுப்பல்ல’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விடலாம். அந்த வில்லாக்களின் முன்தளத்தில் பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் கிடையாது. படி இறங்கினால் கடல். ஓடித் திரியும் வயதில் பிள்ளை இருந்தால் கடற்கரை வில்லா எடுங்கள். கதவைத் திறந்தால் மணல், விலையும் குறைவு. தண்ணீர் வில்லாவில் நான்கு நாளும் பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருப்பதற்கு அவ்வளவு காசு எதற்கு?

மெயிலில் இவற்றைக் கேளுங்கள்: பிள்ளைகளின் வயது எத்தனை வரை தங்க இலவசம்? எத்தனை வரை சாப்பாடு இலவசம்? கூடுதல் கட்டில் உண்டா, அதற்கு எவ்வளவு? பிள்ளையின் வயதைப் புக்கிங் நாளில் பார்க்கிறார்களா, தங்கும் நாளிலா? பதினொன்று முடிந்து பன்னிரண்டாகும் பிள்ளை இருந்தால் கடைசிக் கேள்வி நூறு டாலர் பெறும்.

5. சாப்பாடு

காலை உணவு மட்டும், காலையும் இரவும், மூன்று வேளையும், எல்லாம் அடங்கியது என்று நான்கு வகையாக விற்பார்கள். தீவில் வேறு கடை கிடையாது, இதை மறக்காதீர்கள். பக்கத்துத் தெருவில் போய் இரண்டு தோசை வாங்கி வர வழியில்லை. ரிசார்ட்டில் ஒரு பீட்சா 25, 30 டாலர் என்பது சாதாரணம், அதோடு வரிகள்.

‘காலையும் இரவும்’ திட்டத்தில் பலர் விழும் குழி, இரவுச் சாப்பாட்டில் தண்ணீர் சேர்ந்ததா என்பது. பல இடங்களில் பாட்டில் தண்ணீருக்குத் தனி பில். அறையில் வைக்கும் குடிநீர் மட்டும் இலவசமாக இருக்கும். குடிக்கிற பழக்கம் இல்லாத குடும்பத்துக்கு ‘எல்லாம் அடங்கியது’ வீண் என்று தோன்றும். ஆனால் பிள்ளைகள் நாள் முழுக்க ஜூஸும் ஐஸ்கிரீமும் கேட்கிற வயதில் இருந்தால் கணக்குத் தலைகீழாகலாம். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை, ஒரு மதியச் சாப்பாட்டின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

சைவக்காரர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். பஃபே உள்ள இடங்களில் சோறு, தயிர், பருப்பு எப்படியும் இருக்கும், சமையலறையில் இந்தியர்களும் இலங்கைக்காரர்களும் நிறைய. ஆனால் காலையில் தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்து வைத்திருப்பதைப் பார்த்து நம் வீட்டுப் பொரியல் மாதிரி இருக்கிறதே என்று தட்டில் அள்ளிக்கொள்ளாதீர்கள். அது மாஸ் ஹுனி. உள்ளே பிய்த்துப் போட்டிருப்பது சூரை மீன். மாசிக்கருவாடு பிடித்தவர்களுக்கு அதுவே கொண்டாட்டம். ரொட்டியோடு சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

6. உண்மையான தொகையைக் கணக்குப் போடுங்கள்

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் சேராத விலை என்று அர்த்தம். சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதைச் சேர்த்து வரும் தொகையின் மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி.; 2025 ஜூலை முதல் அது 17 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 27 இல்லை, 28.7 சதவீதம். தீவில் நீங்கள் வாங்கும் காபி வரை எல்லாவற்றுக்கும் இது உண்டு.

அதற்கு மேல் பசுமை வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மட்டும் விலக்கு. நான்கு வயதுப் பிள்ளைக்கும் அதே 12 டாலர்தான், பாதி இல்லை.

ஒரு உதாரணம். வில்லா ஒரு இரவுக்கு 400 டாலர், இரண்டு கூட்டல் குறியோடு. மூன்று இரவு, இரண்டு பெரியவர், எட்டு வயதும் நான்கு வயதும் உள்ள இரண்டு பிள்ளைகள்.

அறை 1,200 டாலர்
சேவைக் கட்டணம் 120
ஜி.எஸ்.டி. 224.40
பசுமை வரி 144
இதுவரை 1,688.40

இனிப் போக்குவரத்து. பெரியவருக்கு 150, பிள்ளைக்கு 75 என்று ஸ்பீடு போட்டில் போனால் 450 சேர்ந்து 2,138.40. பெரியவருக்கு 500, பிள்ளைக்கு 250 என்று சீபிளேனில் போனால் 1,500 சேர்ந்து 3,188.40. பார்த்தது 1,200, கொடுப்பது மூவாயிரத்துச் சொச்சம். மதியச் சாப்பாடும் விமான டிக்கெட்டும் இதில் வரவே இல்லை.

மாலத்தீவை விட்டுக் கிளம்பும்போது கட்ட வேண்டிய புறப்பாட்டு வரியும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும் எகானமியில் ஆளுக்கு மொத்தம் 100 டாலர். அது டிக்கெட் விலையிலேயே சேர்ந்துவிடும், அதனால்தான் அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊருக்கு டிக்கெட் இவ்வளவு. யாராவது அதைத் தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இந்தக் கணக்கு மலைப்பாக இருந்தால், மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவில் விருந்தினர் விடுதியில் தங்கிவிட்டு, ஒரு நாள் மட்டும் ரிசார்ட்டுக்குப் போய்வரும் வழி இருக்கிறது. ஐம்பது அறைக்குக் குறைவான விடுதிகளில் பசுமை வரி 6 டாலர்தான். அங்கே நீச்சலுடையில் குளிக்க அதற்கென ஒதுக்கிய கடற்கரை மட்டும், மது கிடையாது, வெள்ளிக்கிழமை பொதுப் படகு ஓடாது, ரமலான் மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை கிடைப்பது கஷ்டம். இவை நான்கும் தெரிந்து போனால் நல்ல அனுபவம்.

7. பணம் கட்டும் முன்

ஏஜென்ட் மூலம் போனால், அவருடைய லோகோ போட்ட வவுச்சர் போதாது. ரிசார்ட்டின் உறுதிப்படுத்தல் எண்ணைக் கேட்டு வாங்கி, அதைக் குறிப்பிட்டு ரிசார்ட்டுக்கு நேராக ஒரு மெயில் போடுங்கள். எங்களுக்கு வந்த பளபளப்பான வவுச்சரில் ‘படகு உட்பட’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ரிசார்ட்டில் கேட்டால், அறை இருக்கிறது, ஆனால் எங்கள் விமான எண்ணே அவர்களுக்கு வரவில்லை என்றார்கள். விமான எண் போகாவிட்டால் படகு வராது. ஏஜென்ட் அதற்குப் பிறகு மூன்று நாள் போன் எடுக்கவில்லை. நாங்களே அனுப்பிச் சரிசெய்தோம்.

‘ஆளுக்கு இவ்வளவு’ என்று ஏஜென்ட் சொல்லும் விலை, இரண்டு பேர் ஒரு அறையில் என்ற கணக்கு. பிள்ளைகளோடு மொத்தத் தொகை என்ன, பசுமை வரி உட்படவா, எந்த நாள் வரை ரத்து செய்தால் காசு திரும்பும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

டிக்கெட்டும் தங்குமிடமும் சேர்த்து வெளிநாட்டுப் பேக்கேஜாக இங்கே வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறிவந்திருக்கிறது, அதனால் பில்லில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். இது செலவில்லை; உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும் முன்வரி. வருமான வரித் தளத்தில் தெரிகிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்ப வாங்கலாம். யார் பான் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அவர் கணக்குத் தாக்கல் செய்பவராக இருக்கட்டும். ஓய்வுபெற்ற அப்பா பெயரில் கட்டிவிட்டு அவர் கணக்கே தாக்கல் செய்யாவிட்டால் அந்தக் காசு அங்கேயே கிடக்கும்.

நேரடியாகக் கார்டில் கட்டினால், டாலர் மாற்றுக்கு வங்கி எடுக்கும் 2 முதல் 3.5 சதவீதத்தையும் கணக்கில் சேருங்கள். மெஷினில் ‘ரூபாயிலா, டாலரிலா’ என்று கேட்டால் டாலர் என்றே சொல்லுங்கள். மாலத்தீவு ருஃபியா மாற்ற வேண்டிய அவசியம் ரிசார்ட்டில் இல்லை. ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் கொஞ்சம் இருந்தால் டிப்ஸுக்கு ஆகும்.

8. ஐமுகா படிவம்: 96 மணி நேரத்துக்குள்

மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் பயணி அறிவிப்புப் படிவம் இது. விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள்தான் நிரப்ப முடியும். போன வாரமே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் ஏற்காது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி, கைக்குழந்தைக்கும் உண்டு. பாஸ்போர்ட் விவரம், புகைப்படம், தங்குமிடம், விமான எண் கேட்பார்கள். முடிந்ததும் ஒரு கியூ.ஆர். குறி வரும், அதைப் போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டரிலேயே கேட்பார்கள்.

கட்டணம் கிடையாது. தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் காசு பிடுங்கும் தளங்கள். பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருக்கும். முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் எம்.வி.’ என்று முடிகிறதா என்று பாருங்கள். திரும்பி வரும்போதும் இதே படிவத்தைப் புறப்பாட்டுக்கு நிரப்ப வேண்டும், பலர் மறப்பது இதைத்தான்.

9. பெட்டியில் என்ன, என்ன கூடாது

மது கொண்டுபோக முடியாது. சென்னையில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலையும் சுங்கத்தில் எடுத்துவைத்துக்கொள்வார்கள். பன்றி இறைச்சிப் பொருள்கள் கூடாது. வேப் கருவி 2024 நவம்பரிலிருந்து தடை.

வழிபாட்டு விக்கிரகமும் தடைப்பட்டியலில் இருக்கிறது. பயணப் பெட்டியில் சின்னப் பிள்ளையாரை வைத்துக்கொண்டே கிளம்பும் வழக்கம் உள்ளவர்கள் இந்தத் தடவை அவரை வீட்டுப் பூஜையறையிலேயே விட்டுவிடுங்கள். பாட்டி கூட வந்தால் அவர் பையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சீபிளேன் என்றால் ஆளுக்கு 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. விமான டிக்கெட்டில் 30 கிலோ கொடுத்திருந்தாலும் இங்கே எடை போட்டு, கூடினால் கிலோக்கணக்கில் காசு வாங்குவார்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: பிள்ளைகளின் காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ்., வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு. ரிசார்ட்டில் டாக்டர் இருந்தாலும் கட்டணம் டாலரில். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள், ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான். இங்கிலாந்து மாதிரி மூன்று பட்டைப் பிளக் என்பதால் அடாப்டர் வேண்டும். சன்ஸ்கிரீன் அங்கே வாங்கினால் கொள்ளை விலை.

நீச்சலுடை. பருத்திச் சுடிதாரோடும் டி-ஷர்ட்டோடும் நீச்சல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். கை, கால் மூடிய முழு நீச்சலுடை நம்மூர்க் கடைகளிலேயே கிடைக்கிறது; வெயிலுக்கும் அதுதான் நல்லது. முறுக்கு, பருப்புப்பொடி, உடனடி உப்புமா பாக்கெட் எதுவும் தவறில்லை. அறையில் கெட்டில் இருக்கும். மழை பெய்யும் மாலையில் அந்த உப்புமாவின் மதிப்பு தெரியும்.

10. இறங்கும் நாள்

குடிவரவில் காட்ட நான்கும் கையில் இருக்கட்டும்: பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், ரிசார்ட் உறுதிப்படுத்தல், ஐமுகா குறி. போனில் சார்ஜ் போய்விடும், ஒரு பிரதி அச்சிட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் ரிசார்ட்டுகளின் கவுன்டர்கள் வரிசையாக இருக்கும், உங்கள் ரிசார்ட் பெயர்ப் பலகையைத் தேடிப் போனால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சீபிளேன் கிளம்பும் நேரத்தை முந்தின நாள் மாலைதான் முடிவு செய்வார்கள். இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க நேரலாம், வழியில் வேறு தீவுகளில் இறக்கிவிட்டும் போகும். பதினைந்து பேர் போல உட்காரும் சின்ன விமானம், சத்தம் காதைப் பிளக்கும். பிள்ளைகளுக்குக் காதுப் பஞ்சு வேண்டும். விமானி வெறுங்காலோடு, அரைக்கால்சட்டையில் ஏறுவதைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

ஸ்பீடு போட்டில் பின்பக்கம் உட்காருங்கள், முன்பக்கம்தான் தூக்கிப்போடும். வாந்தி வரும் பிள்ளைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு நேரம் முன்னால் என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாருங்கள்.

11. தீவில்

முதல் நாளே வரவேற்பில் கேளுங்கள்: எந்தப் பக்கம் ஆழமில்லாத கடல், எந்தப் பக்கம் பவளப்பாறை முடிந்து சடாரென்று ஆழம் இறங்குகிறது, நீரோட்டம் எங்கே. எல்லா ரிசார்ட்டிலும் கரையில் லைஃப்கார்டு இருப்பதில்லை. மெரினாவில் அலையைப் பார்த்துப் பயப்படும் பிள்ளை, இங்கே அலையே இல்லை என்று தைரியமாகப் போய்க்கொண்டே இருக்கும். நீரோட்டம் அலை மாதிரி கண்ணுக்குத் தெரியாது. உயிர்காப்பு அங்கியை இலவசமாகத் தருகிறார்களா, பிள்ளை அளவில் இருக்கிறதா என்று புக்கிங்கின்போதே கேட்டுவைக்கலாம்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அதற்கும் கேடு, உங்கள் காலுக்கும் கேடு. கீறல் ஆற நாளாகும். பவளத் துண்டு, சங்கு, மணல் எதையும் ஊருக்கு எடுத்துவரக் கூடாது. கிளம்பும் முன் பிள்ளைகளின் கால்சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள், கண்டிப்பாக ஏதாவது இருக்கும். பெரியவர்கள் ஸ்கூபா போனால், கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி வேண்டும்.

12. பில்லை முந்தின இரவே வாங்குங்கள்

செக்-அவுட் காலையில் படகு காத்திருக்கும், வரிசையில் நான்கு குடும்பம் நிற்கும். அந்த அவசரத்தில் யாரும் பில்லைப் படிப்பதில்லை. முந்தின நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ‘இதுவரை உள்ள பில்லைக் கொடுங்கள்’ என்று கேட்டு, மூன்றைப் பாருங்கள்: முன்பே கட்டிய பசுமை வரி மறுபடி ஏறியிருக்கிறதா, திட்டத்தில் சேர்ந்த தண்ணீரும் ஜூஸும் தனியாக வந்திருக்கின்றனவா, அறையிலிருந்த குளிர்பானத்தை எடுக்காமலே எடுத்ததாகப் போட்டிருக்கிறார்களா. அறைக் கணக்கில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட சீட்டுகளை ஒரு கவரில் சேர்த்து வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. செக்-இன்னில் கார்டில் பிடித்துவைத்த முன்தொகையை விடுவித்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். கணக்குக்குத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

விமானம் மாலையில் என்றால் நண்பகலிலேயே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பெட்டியை வரவேற்பில் விட்டுவிட்டுக் கடலில் விளையாடலாம், குளித்து உடை மாற்றப் பொது அறை இருக்கும். அதனால் பயண உடை, துண்டு, நனைந்த துணிக்கு நீர் புகாத பை மூன்றும் கைப்பையில் மேலாக இருக்கட்டும். புறப்பாட்டுக்கான ஐமுகாவை வில்லாவின் வைஃபை கிடைக்கும்போதே நால்வருக்கும் முடித்துவிடுங்கள்.